சூப்பர்வைசர் தொல்லை, வீட்டில் அடி, போனில் மிரட்டல்: ஒரு டைலர் முதலில் எங்கே போவது?

கொங்குவாசி:

வணக்கம். திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் வேலை செய்கிறேன். என் தோழி அதே ஃப்ளோரில் பவர்டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) டைலர், இரண்டு பிள்ளைகளின் தாய். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயரும் கம்பெனியும் கேட்காதீர்கள்.

லைன் சூப்பர்வைசர் முதலில் வேலையில்தான் தொல்லை கொடுத்தார். நன்றாகத் தைத்த பீஸையும் ஆல்டரேஷன் என்று திருப்பிவிடுவார். பண்டலைத் தூக்கி மெஷின் மேல் போடுவார். ஓ.டி. பட்டியலில் அவள் பெயரை மட்டும் விட்டுவிடுவார். அப்புறம் அவரே பக்கத்தில் வந்து, "என்கிட்ட சிரிச்சுப் பேசினா இதெல்லாம் ஏன் வருது" என்பார். ராத்திரியில் வாட்ஸாப்பில் வாய்ஸ் மெசேஜ் வர ஆரம்பித்தது. அவள் பிளாக் செய்தாள். வேறு நம்பரிலிருந்து அவளுடைய டி.பி. முகத்தை ஒட்டி ஒரு அசிங்கமான படம் வந்தது. "வீட்டுக்காரருக்கு அனுப்பட்டுமா" என்று கேட்டிருந்தார்.

அனுப்பவே வேண்டியிருக்கவில்லை. கணவர் போனைப் பார்த்துவிட்டார். "நீ இடம் கொடுக்காமலா அவன் அனுப்பினான்" என்று சொல்லி அடித்திருக்கிறார். காதுப் பக்கம் வீங்கியிருக்கிறது. போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இனி வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் கேட்டால், சொல்லாமல் நின்றுவிட்டாள், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்கிறார்கள். தப்பு செய்தவர் தினமும் வேலைக்கு வருகிறார்.

கம்பெனிக்குப் புகார் கொடுப்பதா, மகளிர் ஸ்டேஷனுக்குப் போவதா, சைபர் கிரைமா? எதை முதலில் செய்தாலும் மற்ற இரண்டும் அவள் மேல்தான் விழும் போலிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரோஜாப்பூ87:

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அவர் இப்போது அதே வீட்டில்தான் இருக்கிறாரா? காதில் அடி என்றால் இன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டச் சொல்லுங்கள். கீழே விழுந்தேன் என்று சொல்ல வேண்டாம். யார் அடித்தது என்பதைச் சொல்லி, அது நோட்டில் ஏறட்டும். 181-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், உங்கள் போனிலிருந்தே பேச வையுங்கள். மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. தற்காலிகமாகத் தங்கும் இடம், மருத்துவம், வக்கீல் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும், பணம் கட்ட வேண்டியதில்லை.

மதுரை வக்கீல்:

தோழி, எது முதலில் என்று யோசித்து நாளைக் கடத்த வேண்டாம். மூன்றும் தனித்தனிச் சட்டம். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று எங்கேயும் இல்லை. ஒரே வாரத்தில் மூன்றையும் கொடுக்கலாம்.

கம்பெனி விஷயம். 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் பெண். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். ஒருவர் வெளியிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். அவருக்கு எழுத வராது என்றால் எழுத உதவுவது குழுவின் கடமை. இது பலருக்குத் தெரிவதில்லை. ராத்திரியில் வந்த வாய்ஸ் மெசேஜ் "வேலை நேரத்துக்கு வெளியே நடந்தது" என்று தட்டிக் கழித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓ.டி. மறுத்ததையும் பீஸைத் திருப்பியதையும் அந்த மெசேஜோடு சேர்த்து எழுதுங்கள். வேலையில் சலுகை காட்டுவேன் அல்லது கெடுப்பேன் என்று மறைமுகமாகச் சொல்வதையே சட்டம் துன்புறுத்தல் என்கிறது. கம்பெனி வேனும் பணியிடம்தான். காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும் தினக்கூலியும் தொழிலாளிதான்.

புகாரிலேயே இன்னொன்றையும் கேட்க வேண்டும். விசாரணை முடியும் வரை அந்த ஆளை வேறு யூனிட்டுக்கு மாற்றுங்கள், அல்லது எனக்கு மூன்று மாதம் வரை விடுப்பு கொடுங்கள் என்று. குழு பரிந்துரைத்தால் முதலாளி செய்தாக வேண்டும். இந்த விடுப்பு அவருடைய சொந்த விடுப்பில் கழியாது. விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

"சொல்லாமல் நின்றுவிட்டாள்" என்று கம்பெனி சொல்கிறதே, அதற்கு இன்றே பதில் போக வேண்டும். "என்னைச் சூப்பர்வைசர் துன்புறுத்தியதால் வர முடியவில்லை, வேலையை நான் விடவில்லை" என்று நாலு வரி. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை போவதே பெரும்பாலும் இந்த நாலு வரி இல்லாததால்தான்.

போலீஸ் தனி. படம் அனுப்பி மிரட்டியது, பின்தொடர்ந்தது எல்லாம் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் குற்றங்கள். பாலியல் துன்புறுத்தலுக்குப் பிரிவு 75, பின்தொடர்வதற்கு 78. எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் வாங்க வேண்டும், எல்லை பார்க்கக் கூடாது. புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண் என்றால் வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. அதற்கான எண் 15100.

லைன் இன்சார்ஜ்:

நானும் ஒரு கம்பெனியில் லைன் பார்க்கிறேன். அந்தப் பெண்ணுக்கு நடந்தது தப்புதான், அதில் மாற்றுப் பேச்சு இல்லை. ஆனால் எங்கள் பக்கமும் கேளுங்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று மேலே இருந்து டார்கெட் வருகிறது. வராவிட்டால் எனக்குத் திட்டு விழுகிறது. நான் ஒரு டைலரைச் சத்தம் போட்டால் நாளைக்கே அவர் புகார் கொடுக்கலாம், என் வேலை போகும், என் வீட்டில் என்ன நினைப்பார்கள்? பொய்ப் புகார் வராது என்று யாராவது உறுதி கொடுக்க முடியுமா?

மதுரை வக்கீல்:

தம்பி, சத்தம் போடுவது வேறு, இது வேறு. வேலையில் குறை சொன்னதற்காக இந்தச் சட்டத்தில் யாரும் தண்டனை வாங்குவதில்லை. பாலியல் தன்மை உள்ள நடத்தை என்று காட்ட வேண்டும். வேண்டுமென்றே பொய்யாகக் கொடுத்த புகாருக்கு நடவடிக்கை எடுக்க இதே சட்டத்தில் 14-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதால் மட்டும் ஒரு புகாரைப் பொய் என்று சொல்லக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. விசாரணையில் உங்கள் தரப்பையும் கேட்டாக வேண்டும். அப்பீலும் உண்டு.

வேடசந்தூர் தையல்:

இன்சார்ஜ் தம்பிக்கும் கொங்குவாசிக்கும் சேர்த்தே எழுதுகிறேன், நீளமாகப் போகும்.

டார்கெட் பற்றித் தம்பி சொன்னது உண்மை. அதை யாரும் பேசுவதில்லை. கடல் தாண்டி இருக்கும் பிராண்ட் விலையைக் குறைக்கிறது, தைத்துக் கொடுக்கும் நாள்களையும் குறைக்கிறது. அந்த அழுத்தம் படிப்படியாக இறங்கி வந்து கடைசியில் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மேல் விழுகிறது. ஓ.டி., லீவு, லைன் மாற்றம், பாத்ரூம் போவது வரை ஒரு ஆளின் கையில் இருக்கும்போது அந்த ஆள் கெட்டவனாக இருந்தால் அவளுக்கு வேறு வழியே இல்லை. இதை அந்த ஒரு ஆளின் குணக்கேடு என்று பார்த்துவிட்டால் அவனை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவோம்.

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 ஜனவரியில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த 20 வயதுத் தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். பல மாதங்களாக அந்த ஆளின் தொல்லை இருந்தது என்று குடும்பத்தினரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். அந்தப் பெண் சங்கத்தில் உறுப்பினர். அதன் பிறகு இன்னும் பல பெண்கள் வாய் திறந்து தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள்.

தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் பெண்களே நடத்தும் சங்கம், பெரும்பாலும் தலித் பெண்கள். அவர்கள் அதோடு விடவில்லை. ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் போராடி 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தார்கள். திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே அதற்குப் பெயர். ஆலையின் தாய்க் கம்பெனியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கையெழுத்துப் போட்டது. துணி வாங்கும் எச் அண்ட் எம் தனியாக ஒப்பந்தம் போட்டது, பிறகு கேப், பி.வி.எச். கம்பெனிகளும் போட்டன. ஆசியாவில் பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தி, ஆலைக்குள் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் முதல் ஒப்பந்தம் அது. அதற்கு முன்னால் 2019-இல் ஆப்பிரிக்காவில் லெசோத்தோ நாட்டில் ஜீன்ஸ் தைக்கும் ஆலைகளில் இப்படி ஒன்று வந்திருந்தது.

இந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது ஃப்ளோரில் அது எப்படி நடக்கிறது என்பதுதான். 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம் தொழிலாளிகளையே கண்காணிப்பாளராகச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. அவர் எங்கிருந்தோ வந்த அதிகாரி கிடையாது. பக்கத்து மெஷினில் தைப்பவர். சூப்பர்வைசர் ஒருத்தியைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினால், தொட்டால், சாதி சொன்னால் அன்றைக்கே அவர் எழுப்புகிறார். ஒருத்தி அழுதுகொண்டே ஹெச்.ஆர். ரூமுக்குத் தனியாக நடந்து போக வேண்டியதில்லை. அந்த நடைதான் மிகக் கஷ்டம். லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். திரும்பி வருவதற்குள் கதை கட்டிவிடுவார்கள்.

அடுத்தது பழிவாங்கல் தடை. புகார் கொடுத்தவளை நிறுத்தினாலோ ஓ.டி.யை வெட்டினாலோ அதுவே ஒப்பந்த மீறல். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்ட் ஆர்டரில் கை வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். 50,000 ரூபாய் அபராதத்துக்குப் பயப்படாத நிர்வாகம் ஆர்டர் போகும் என்றால் அசைகிறது. 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை நாச்சி அப்பேரல் சரக்கை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்தத் தடையை நீக்கியது. ஒப்பந்தத்தின்படி உள்ளே மாற்றங்கள் நடந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

என் கருத்து இதுதான், யார் வேண்டுமானாலும் மறுத்துப் பேசுங்கள். புகார் கொடுத்தவளே வெளியேற வேண்டியிருக்கும் வரைக்கும் எத்தனை சட்டம் வந்தாலும் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். கம்பெனியிலும் அதுதான், வீட்டிலும் அதுதான், போனிலும் அதுதான். வேலையை விடு, புருஷன் வீட்டை விட்டுப் போ, அக்கவுன்ட்டை டெலிட் செய். ஒவ்வொரு தடவையும் அவளைத்தான் எழுந்து போகச் சொல்கிறோம்.

பேக்கிங் செக்‌ஷன்:

அக்கா சொன்ன மாதிரி சங்கம் இல்லாத கம்பெனியில் என்ன நடக்கிறது என்று நானும் சொல்கிறேன். வெளிநாட்டு பையருக்காக ஆடிட் வருகிறது என்றால் முந்தின நாள் நோட்டீஸ் போர்டில் குழு உறுப்பினர்கள் பெயர் ஒட்டுவார்கள். குழுவில் இருப்பதே சிலருக்குத் தெரியாது. கேன்டீனில் கூப்பிட்டு, "யாராவது கேட்டால் மீட்டிங் நடக்கிறது என்று சொல்" என்பார்கள். புகார்ப் பெட்டி ஆபீஸ் வாசலில் கேமராவுக்கு நேர் கீழே இருக்கிறது. யார் போய் அதில் சீட்டு போடுவார்கள்? வெளி உறுப்பினர் மேடத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் இருந்த என் அக்கா மகள் கதை இன்னும் மோசம். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று கூட்டிப் போனார்கள். சுமங்கலித் திட்டம் என்று சொன்னதே அதுதான். நடுவில் வந்தால் பணம் கிடையாது. அதனால் எதையும் வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வார்டன் பக்கத்தில் நிற்கும்போதுதான் வீட்டுக்குப் போன் பேச விடுவார்களாம்.

கொங்குவாசி:

எல்லோருக்கும் நன்றி. அவள் இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள். நானும் அவள் தம்பியும் போய்க் கூட்டி வந்தோம். ஆஸ்பத்திரியில் காட்டினோம், நடந்ததைச் சொல்லி எழுதிவிட்டோம். வக்கீல் சார் சொன்ன நாலு வரியைப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.

படத்தைப் பற்றி யாராவது சொல்லுங்கள். போன் கணவரிடம் இருக்கிறது. என் போனுக்கு அவள் முன்பே ஃபார்வர்ட் செய்த ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கிறது. அது வெளியே போய்விடுமோ என்றுதான் அவள் தூங்காமல் இருக்கிறாள். அடியைவிட இதற்குத்தான் பயப்படுகிறாள்.

நெட்காவல்:

அந்தப் பயம்தான் மிரட்டுகிறவனின் மூலதனம், அதனால் இதைத் தெளிவாகவே சொல்கிறேன்.

எதையும் அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பிய நம்பரும் தேதியும் நேரமும் தெரிகிறதா என்று பாருங்கள். வாய்ஸ் மெசேஜ் கையில் கிடைத்தால் அதை அப்படியே வேறொரு போனுக்கும் மெயிலுக்கும் அனுப்பி வையுங்கள். கணவர் கையில் இருக்கும் போன்தான் அசல் சாட்சியம். அதைக் கைப்பற்றித் தரும்படி போலீஸ் புகாரிலேயே எழுதுங்கள். மிரட்டலுக்குப் பணிந்து அந்தச் சூப்பர்வைசர் நம்பருக்குத் திரும்ப மெசேஜ் எதுவும் போடக் கூடாது. பணம் கொடுத்து முடிக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்க வேண்டாம். ஒரு தடவை கொடுத்தால் அது நிற்காது.

பலர் 1930-க்கு போன் செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது முக்கியமாக ஆன்லைனில் பணம் பறிகொடுத்தவர்களுக்கான எண். படம், மிரட்டல் விஷயத்துக்குத் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் என்று தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் அங்கே கொடுக்கலாம். ஆனால் வழக்காக நடக்க வேண்டும் என்றால் பெயரோடு கொடுப்பதே நல்லது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 67, 67ஏ பிரிவுகள் ஆபாசமானவற்றை அனுப்புவதற்கும் பரப்புவதற்கும் பொருந்தும்.

படம் ஃபேஸ்புக், இன்ஸ்டா மாதிரி எங்காவது ஏறிவிட்டால் 2021 ஐ.டி. விதிகளைச் சொல்லிப் புகார் கொடுங்கள். நிர்வாணமாகவோ அந்தரங்கமாகவோ காட்டும் படம் என்றால், ஒட்டு வேலை செய்த படமாக இருந்தாலும், சம்பந்தப்பட்டவர் புகார் கொடுத்த 2 மணி நேரத்துக்குள் நிறுவனம் அதை எடுக்க வேண்டும், 2026 பிப்ரவரி வரை இது 24 மணி நேரமாக இருந்தது. ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்று ஒரு தளமும் இருக்கிறது. படத்தை எங்கேயும் ஏற்ற வேண்டியதில்லை. போனிலேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரி எண் உருவாகி அந்த எண் மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் தளங்களில் அதே படம் ஏறினால் தடுக்கப்படும். வாட்ஸாப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை அது தடுக்காது. அதற்கு அந்த ஆள் மேல் வழக்கு வருவதுதான் தடை.

2016-இல் சேலம் பக்கம் ஒரு இளம்பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்து போட்டார்கள். புகார் கொடுத்த பிறகும் வேகமாக எதுவும் நடக்கவில்லை. அடுத்த படமும் வந்தது. அந்தப் பெண் உயிரை விட்டார். அதை நினைத்துத்தான் சொல்கிறேன், உங்கள் தோழியைத் தனியாக விடாதீர்கள். "இது ஒட்டு வேலை, எங்களுக்குத் தெரியும், நீ எதுவும் செய்யவில்லை" என்று அம்மாவும் தம்பியும் அவளிடம் சொல்ல வேண்டும், ஒரு தடவை அல்ல.

ரோஜாப்பூ87:

பொள்ளாச்சியை மறக்க முடியுமா? வீடியோவை வைத்து எத்தனை பெண்களை மிரட்டியிருக்கிறார்கள். 2019-இல் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய பெயரையே போலீஸ் அதிகாரி வெளியே சொன்னார், அரசாணையிலும் வந்தது. அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த நிலையில் அடுத்த பெண் எப்படி வருவார் என்று அப்போது எல்லோரும் கேட்டோம். ஆனாலும் வந்தார்கள், சாட்சி சொன்னார்கள். 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை என்று தீர்ப்பு கொடுத்தது. எட்டுப் பெண்களுக்குச் சேர்த்து 85 லட்சம் இழப்பீடு. பெயர் வெளியே வராமல் அவர்கள் சாட்சி சொல்ல முடிந்ததால்தான் அந்தத் தீர்ப்பு.

தாமரைக்குளம்:

வீட்டு விஷயத்தை நான் சொல்கிறேன், அனுபவித்தவள் என்ற முறையில்.

தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21-இல் எடுத்தது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் 29 சதவீதம்தான். படிப்பிலும் வேலையிலும் முன்னால் நிற்கிறோம் என்கிறோம், இதிலும் முன்னால்தான் நிற்கிறோம். என் தெருவில் எண்ணிப் பார்த்தால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

நான் முதலில் மகளிர் ஸ்டேஷனுக்குத்தான் போனேன். இரண்டு பேரையும் உட்கார வைத்து, "குழந்தைகள் முகத்தைப் பார்த்து அனுசரித்துப் போங்கள்" என்று எழுதி வாங்கி அனுப்பினார்கள். அன்று ராத்திரி வீட்டில் இன்னும் கூடுதலாக விழுந்தது, ஸ்டேஷன் வரை போனதற்காக. அதனால் கொங்குவாசி, சமாதானம் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால் தனியாகப் போக விடாதீர்கள். 

எனக்கு உதவியது 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவரிடம் சொன்னால் குடும்ப வன்முறை அறிக்கை தயார் செய்து மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்புவார். இதில் கணவரை ஜெயிலில் போடுவது முதல் நோக்கம் இல்லை. அவர் அடிக்காமல் இருக்க உத்தரவு, நீங்கள் அந்த வீட்டிலேயே இருக்க உத்தரவு, பிள்ளைகள், செலவுப் பணம், இவைதான். பாதுகாப்பு உத்தரவு வந்த பிறகு அதை மீறினால்தான் ஒரு வருஷம் வரை சிறை. வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, உனக்கு உரிமை இல்லை என்று என்னையும் மிரட்டினார்கள். குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த வீடு என்றால் மாமியார், மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே தங்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

உங்கள் தோழிக்கு முக்கியமானது: வேலைக்குப் போகாதே என்று தடுப்பதும் இந்தச் சட்டத்தில் வன்முறைதான். அறிக்கைப் படிவத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது, டிக் அடிக்கச் சொல்லுங்கள். அவர் வேலை செய்யும் இடத்துக்குக் கணவர் வந்து கலாட்டா செய்யக் கூடாது என்றும் கோர்ட் உத்தரவு போட முடியும். 

60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அப்படி முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாய்தா மேல் வாய்தா போகும். அதனால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். எதிர்த் தரப்பு வராமலே மாஜிஸ்திரேட் அதைக் கொடுக்கலாம். என் கையில் அந்த ஒரு தாள் வந்த பிறகுதான் நான் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் தூங்கினேன். 

லைன் இன்சார்ஜ்:

முழுக்கப் படித்தேன். பொய்ப் புகார் பற்றி எனக்குள்ள பயம் இன்னும் போகவில்லை, அது இருக்கட்டும். ஒரு கேள்வி. என் லைனில் இன்னொரு இன்சார்ஜ் ஒரு பெண்ணிடம் இப்படி நடப்பதை நான் பார்த்தால் நான் புகார் கொடுக்கலாமா? அந்தப் பெண்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.

மதுரை வக்கீல்:

அந்தப் பெண்ணால் உடலாலோ மனதாலோ கொடுக்க முடியாத நிலை என்றால் உறவினர், நண்பர், உடன் வேலை செய்பவர் கொடுக்க விதிகளில் வழி இருக்கிறது. முடியும் நிலையில் இருக்கிறார் என்றால் அவர் சம்மதம் இல்லாமல் நீங்கள் எழுதுவது சரியில்லை. ஆனால் நீங்கள் பார்த்ததைச் சாட்சியாகச் சொல்லலாம். குழுவுக்கு சிவில் கோர்ட் மாதிரி சாட்சிகளை அழைக்கும் அதிகாரம் இருக்கிறது. சூப்பர்வைசர் ஒருவரே சாட்சி சொல்ல வந்தால் அந்தப் புகாரின் எடையே வேறு, தம்பி. பெரும்பாலான விசாரணைகள் "யாரும் பார்க்கவில்லை" என்ற இடத்தில்தான் நிற்கின்றன. பார்த்தவர்கள் இருப்பார்கள்.

கொங்குவாசி:

குழுவிடம் புகார் போய்விட்டது. முதலில் ஹெச்.ஆர். மேடம், "எழுதிக் கொடுத்தால் உனக்குத்தான் கெட்ட பெயர், அவரைக் கண்டித்து அனுப்புகிறோம், இதோடு விட்டுவிடு" என்றார். நாங்கள் நகல் எடுத்து முத்திரை வாங்கிக்கொண்டுதான் வந்தோம். அந்த ஆளைப் பக்கத்து யூனிட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அவளுக்கு விடுப்பு கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. போலீஸில் எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று, அதற்கு இரண்டு நாள் அலைந்தோம். கணவர் வீட்டிலிருந்து ஆள் வந்து பேசுகிறார்கள். அவள் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்காமல் திரும்பிப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அது அவளாக எடுத்த முடிவு.

வேடசந்தூர் தையல்:

நல்லது தங்கச்சி. லைனில் யாராவது அவளைப் பற்றித் தப்பாகப் பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். ஒருத்தர் பேசாமல் இருந்தால் நாலு பேர் நம்பிவிடுவார்கள். அவள் திரும்பி வரும் நாளில் நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஃப்ளோருக்குக் கூட்டிப் போங்கள்.

பேக்கிங் செக்‌ஷன்:

நடுவில் ஒரு கேள்வி. எங்கள் ஹாஸ்டலில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். தமிழ் சரியாக வராது. புகார் எப்படிக் கொடுப்பார்கள்? அப்புறம் என் அம்மா இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார், அங்கே பத்துப் பேரெல்லாம் கிடையாது. அவர்களுக்கு எந்தக் குழு?

மதுரை வக்கீல்:

எந்த மொழியில் எழுதினாலும் புகார் புகார்தான். எழுத முடியாவிட்டால் உதவுவது குழுவின் கடமை. 181-இல் முதலில் பேச வையுங்கள். ஷீ-பாக்ஸ் என்ற மத்திய அரசுத் தளத்திலும் கொடுக்கலாம். ஹாஸ்டல் கம்பெனியுடையது என்றால் அங்கே நடப்பதையும் புகாரில் சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு. வீட்டு வேலை செய்பவர்கள், பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை, கடையில் இருப்பவர்கள், முதலாளி மேலேயே புகார் உள்ளவர்கள் எல்லோரும் அங்கேதான் போக வேண்டும். பல மாவட்டங்களில் இது பெயரளவில் இருக்கிறது என்று 2023-லும் 2024-லும் உச்ச நீதிமன்றமே கண்டித்து, எல்லா மாவட்டத்திலும் முறையாக அமைக்கச் சொல்லியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் யார் உறுப்பினர்கள், எந்த அறையில் உட்காருகிறார்கள் என்று கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகவே கொடுக்கலாம், அதற்கு ரசீது தருவார்கள்.

பேக்கிங் செக்‌ஷன்:

வர்ற திங்கட்கிழமையே போகிறேன் சார். மனுவில் என்ன எழுத வேண்டும் என்று இங்கேயே போட்டுவிடுங்கள், இன்னும் நாலு பேர் கையெழுத்தோடு கொடுக்கிறோம்.